மாணவர்களுக்குப் பேட்டி எடுக்கவும் செய்தி எழுதவும் கற்றுக்கொடுப்பது எப்படி? ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிப் பத்திரிகையை ஏற்று நடத்தும் ஆசிரியர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். 14 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களை மனதில் வைத்துச் சொன்ன பதில்கள் இவை. பல வருடங்களாக இந்த வகுப்பை எடுத்து வருகிறேன். ஒரு செய்தி சப்பென்று இருந்தால், முதலில் அந்த மாணவரின் குறிப்பு நோட்டை வாங்கிப் பார்ப்பேன். பெரும்பாலும் கோளாறு அங்கேயே இருக்கும். கேட்காமல் விட்டதை எந்த நடையாலும் எழுத முடியாது. அதனால் இந்தப் பக்கத்தில் எழுதுவதைவிடக் கேட்பதைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.

முதல் வகுப்பை எதிலிருந்து தொடங்குவது?

"செய்தி என்றால் என்ன" என்ற விளக்கத்திலிருந்து வேண்டாம். மாணவர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒவ்வொருவரும் தன் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வைக்கட்டும். அந்த ஒரு பொருளைப் பற்றி மட்டும் எதிரில் இருப்பவர் 7 நிமிடம் கேள்வி கேட்க வேண்டும். பேனா, நோட்டு கூடாது. முடிந்ததும் கேட்டதை 5 வரியில் எழுத வேண்டும். எழுதியதைப் பொருளுக்குச் சொந்தக்காரர் வாசித்து, தவறு இருக்கும் இடங்களில் கோடு போடுவார்.

முதல் 2 நிமிடத்திலேயே கேள்விகள் தீர்ந்துவிடும். இது என்ன, எப்போது வாங்கியது, பிடிக்குமா, அவ்வளவுதான். அப்புறம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் குறுக்கே போய் உதவாதீர்கள். ஒருமுறை ஒரு மாணவன் சாவிக்கொத்தை எடுத்து வைத்தான். அதில் இரண்டு வீட்டுச் சாவிகள். எதிரில் இருந்த மாணவிக்குக் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. சாவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒன்று மட்டும் ஏன் துருப்பிடித்திருக்கிறது?" என்று கேட்டாள். அது அவனுடைய பாட்டி வீட்டுச் சாவி. பாட்டி இறந்து, வீட்டை விற்று, வாங்கியவர்கள் பூட்டையும் மாற்றிவிட்டார்கள். சாவியை மட்டும் அவன் கழற்றவே இல்லை. அந்த ஐந்து வரியை அவள் வாசித்தபோது வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. எழுதி வைத்திருந்த எந்தக் கேள்வியும் அவளை அங்கே கொண்டு போயிருக்காது. கண்ணால் பார்த்ததைக் கேட்டாள், அவ்வளவுதான்.

கோடு போடும் பகுதியை நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள். 5 வரியில் 2 தவறு இருப்பது சாதாரணம். தன்னைப் பற்றி இன்னொருவர் தவறாக எழுதினால் எப்படி இருக்கும் என்பதை முதல் நாளே ஒவ்வொருவரும் உணர்ந்துவிடுவார்கள்.

பேட்டிக்கு எத்தனை கேள்விகள் தயார் செய்ய வேண்டும்?

எட்டு முதல் பத்து போதும். அதில் மூன்றை அடிக்கோடிடச் சொல்லுங்கள். பேட்டி பாதியில் நின்றுபோனாலும் அந்த மூன்றுக்கும் பதில் கிடைத்திருக்க வேண்டும். அறிவிப்புப் பலகையிலோ இணையத்திலோ கிடைக்கும் தகவலைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அதை முன்னாடியே படித்துக்கொண்டு போனால், "இவர்கள் தயாராக வந்திருக்கிறார்கள்" என்ற மரியாதையும் சேர்ந்து கிடைக்கும்.

சுலபமான கேள்வி முதலில், சங்கடமான கேள்வி கடைசியில். கிளம்பும் முன் எப்போதும் இரண்டைக் கேட்கட்டும்: "நான் கேட்க மறந்தது ஏதாவது இருக்கிறதா?", "இதைப் பற்றி வேறு யாரிடம் பேசலாம்?" இரண்டாவது கேள்வியிலிருந்துதான் அடுத்த பேட்டி பிறக்கும்.

நல்ல கேள்வி எது, மோசமான கேள்வி எது என்று எப்படிப் புரிய வைப்பது?

தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு இதற்கான கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. இலக்கணத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் இந்தப் பட்டியலை நான் பேட்டி வகுப்பில் மறுபடி எடுத்துக்கொள்கிறேன். மாணவர்கள் எழுதி வரும் ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் அது என்ன வினா என்று குறிக்கச் சொல்வேன்.

குறித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அறிவினாவாக இருக்கும். விடை தெரிந்துகொண்டே கேட்பது. "விழா மிகச் சிறப்பாக நடந்தது அல்லவா?" இதற்கு "ஆமாம்" என்பதைத் தவிர என்ன சொல்வார்? "உங்கள் வெற்றிக்குக் காரணம் கடின உழைப்புதானே?" என்பதும் அதே ரகம். பதிலைக் கேட்பவரே சொல்லிவிட்டு, தலையாட்டுவதை மட்டும் பேசுபவருக்கு விட்டுவைக்கும் கேள்விகள் இவை.

பேட்டிக்கு வேண்டியது அறியா வினா. உண்மையிலேயே தெரியாததைக் கேட்பது. பணி ஓய்வு பெறவிருந்த ஒரு நூலகரிடம் என் மாணவர்கள் இருவர் போனார்கள். முதலாமவர், "ஓய்வு பெறுவது எப்படி இருக்கிறது?" என்றார். "சந்தோஷமாகவும் இருக்கிறது, வருத்தமாகவும் இருக்கிறது" என்று பதில் வந்தது. யார் கேட்டாலும் யாரும் சொல்லக்கூடிய பதில். இரண்டாமவர் புத்தக அடுக்கைப் பார்த்துக்கொண்டே, "இத்தனை வருடத்தில் அதிகம் பேர் திருப்பித் தராத புத்தகம் எது?" என்றார். நூலகர் சிரித்துவிட்டு, யோசிக்காமல் சொன்னார்: "சைக்கிள் பழுது பார்ப்பது எப்படி என்று ஒரு சின்னப் புத்தகம். நாலு தடவை வாங்கிவிட்டேன்." கட்டுரையின் முதல் வரி அதுதான் ஆயிற்று.

ஐய வினாவும் உதவும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "இது நிர்வாகத்தின் முடிவா, பெற்றோரின் கோரிக்கையா?" என்று இரண்டு கதவை மட்டும் திறந்து வைத்தால், உண்மை மூன்றாவது கதவில் இருந்தாலும் பேசுபவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவார். "இந்த முடிவு எப்படி வந்தது?" என்று முதலில் திறந்த கேள்வியாகக் கேட்டுவிட்டு, தெளிவுக்காகப் பிறகு ஐய வினாவைப் பயன்படுத்தலாம்.

"மாணவர்களுக்கு நீங்கள் சொல்ல விரும்பும் அறிவுரை என்ன?" என்ற கேள்வியை என் வகுப்பில் தடை செய்திருக்கிறேன். அதற்கு வரும் பதில் ஒருநாளும் செய்தி ஆனதில்லை.

மாணவர்கள் எழுதி வைத்த கேள்விகளை வரிசையாக வாசித்துவிட்டு வந்துவிடுகிறார்களே?

இதுதான் நான் அதிகம் பார்க்கும் குறை. பேசுபவர் ஏதோ முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். மாணவரின் கண் அடுத்த கேள்வியில் இருக்கும். ஒரு மாணவி ஓட்டப் பந்தய வீரர் ஒருவரிடம், "எப்போதிலிருந்து ஓடுகிறீர்கள்?" என்று கேட்டார். அவர், "மருத்துவமனையிலிருந்து வந்த பிறகுதான்" என்றார். அடுத்த கேள்வி: "உங்கள் பொழுதுபோக்கு என்ன?" பதிவைப் போட்டுக் கேட்டபோதுதான் அந்த மாணவிக்கே அது காதில் விழுந்தது.

இதற்கு நான் வைத்திருக்கும் பயிற்சி இதுதான். பத்து நிமிடப் பேட்டிக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டு போக வேண்டும். மற்ற எல்லாக் கேள்வியும் முந்தைய பதிலில் வந்த ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பிறக்க வேண்டும். "மருத்துவமனை என்றீர்களே?", "'அப்போதுதான் முடிவு செய்தேன்' என்றீர்கள், அது எந்த நாள்?" முதல் தடவை திணறுவார்கள். மூன்றாவது தடவை எழுதி வைத்த தாளைத் தேடவே மாட்டார்கள்.

இன்னொன்றும் கற்றுக்கொடுங்கள்: பதில் முடிந்ததும் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு அடுத்ததைக் கேட்பது. அந்த மூன்று நொடி மௌனத்தில் பேசுபவரே, "அப்புறம் இன்னொன்று..." என்று தொடங்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

கூச்சப்படும் மாணவர்களை என்ன செய்வது?

கட்டாயப்படுத்தி முதல் பேட்டியிலேயே முதல்வர் அறைக்கு அனுப்பாதீர்கள். தெரிந்த ஒருவரிடமிருந்து தொடங்கட்டும். இருவராகப் போகட்டும்: ஒருவர் கேட்பார், ஒருவர் குறிப்பெடுப்பார், நடுவில் மாற்றிக்கொள்ளலாம். ஆரம்ப வரியை மட்டும் மனப்பாடம் செய்ய வையுங்கள்: "வணக்கம், என் பெயர் இது, பள்ளிப் பத்திரிகைக்காக இதைப் பற்றி எழுதுகிறேன், 15 நிமிடம் பேச முடியுமா?" அந்த ஒரு வாக்கியம் வாயில் வந்துவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும்.

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் பேட்டிக்குச் சரிப்படமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் நடுவில் குறுக்கிடுவதில்லை. என்னிடம் படித்தவர்களில் மிக நல்ல பேட்டிகளைக் கொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் வாய் பேசாதவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள்தான்.

வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்பிப் பதில் வாங்கினால் அது பேட்டி ஆகுமா?

தேதி, எண், பெயரின் எழுத்து ஆகியவற்றைச் சரிபார்க்க அது போதும். பேட்டிக்குப் போதாது. எழுதி வரும் பதிலில் தயக்கம் தெரியாது, முகம் தெரியாது, துருப்பிடித்த சாவி தெரியாது. நேரில் முடியாவிட்டால் தொலைபேசியில் பேசட்டும். எழுத்தில் வாங்கினால், "எழுத்து மூலம் அளித்த பதிலில்" என்று கட்டுரையில் சொல்லிவிட வேண்டும்.

குறிப்பெடுப்பதா, பதிவு செய்வதா?

இரண்டும். பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேட்பதும், "பதிவு செய்யலாமா?" "சரி" என்ற அந்த இரண்டு வரியும் பதிவிலேயே இருப்பதும் நல்லது. ஆனால் பதிவு இருக்கிறது என்ற தைரியத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடக் கூடாது. கருவி நின்றுபோகும், மின்விசிறிச் சத்தம் பேச்சை மூடிவிடும். அதைவிட முக்கியம், எழுதும்போதுதான் கவனம் இருக்கும். எதிரில் இருப்பவரின் மேசை, கை, பேசும்போது எதைப் பார்க்கிறார் என்பதெல்லாம் பதிவில் வராது. நோட்டின் இடது பக்கத்தில் சொன்னதையும் வலது பக்கத்தில் பார்த்ததையும் எழுதச் சொல்கிறேன்.

பேசுபவர் மழுப்பினால்?

மறுபடி நன்னூலுக்குத்தான் போகிறேன். விடைகள் எட்டு என்கிறது அது. சுட்டு, மறை, நேர் இந்த மூன்றும் வெளிப்படையான விடைகள். மீதி ஐந்தும் சுற்றி வருபவை: ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. இந்த ஐந்தையும் அடையாளம் காணத் தெரிந்துவிட்டால் மழுப்பல் பிடிபட்டுவிடும்.

"பூட்டிக் கிடக்கும் கழிப்பறை எப்போது திறக்கும்?" என்று கேட்கிறார் மாணவர். "புதிய ஆய்வகம் அடுத்த மாதம் திறக்கிறோம்" என்று பதில். இது இனமொழி விடை. பேச்சு ஏதோ கட்டடத்தைப் பற்றியதாக இருப்பதால் பதில் வந்துவிட்டது போலத் தோன்றும். "உங்களுக்குச் சுத்தமாக வைத்திருக்கத் தெரியுமா?" என்றால் வினா எதிர் வினாதல். "போன வருடமும் தண்ணீர்க் குழாய் உடைந்தது" என்றால் உற்றது உரைத்தல். மாணவர் கோபப்படவும் கூடாது, பயந்து நகர்ந்துவிடவும் கூடாது. "ஆய்வகத்தைப் பற்றியும் எழுதிக்கொள்கிறேன், சார். கழிப்பறை எப்போது திறக்கும் என்று சொல்ல முடியுமா?" என்று அதே கேள்வியை, அதே மரியாதையோடு இன்னொரு முறை கேட்க வேண்டும். இரண்டாம் முறையும் பதில் வராவிட்டால், "தேதி எதையும் அவர் சொல்லவில்லை" என்று எழுதலாம். அது உண்மை. "மழுப்பினார்" என்று எழுதினால் அது நம்முடைய கருத்து.

பேச்சுத் தமிழில் சொன்னதை எழுத்துத் தமிழில் மாற்றினால், அவர் சொன்னதை மாற்றியதாக ஆகாதா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேறு மொழியில் வந்த கையேடுகளைப் படித்தால், "மேற்கோளில் ஒரு சொல்லைக்கூட மாற்றாதே" என்று இருக்கும். நமக்கு அப்படியே பொருந்தாது. பேசும் தமிழ் வேறு, அச்சில் வாசிக்கும் தமிழ் வேறு.

நான் வைத்திருக்கும் விதி: உச்சரிப்பையும் விகுதியையும் மாற்றலாம், சொல்லை மாற்றக் கூடாது. ஒரு தோட்டப் பணியாளர் சொல்கிறார்: "நான் அப்பவே சொன்னேன், யாரு காதுல வாங்குனா?" இதை, "நான் அப்போதே சொன்னேன், யார் காதில் வாங்கினார்கள்?" என்று எழுதலாம். "எனது கருத்துக்கு உரிய கவனம் அளிக்கப்படவில்லை" என்று எழுதினால் அது அவர் சொன்னதே இல்லை. அதை மேற்கோள் குறிக்குள் போடுவது பொய். சரியான சொற்கள் நினைவில்லாவிட்டால் மேற்கோள் குறியை எடுத்துவிட்டு அயற்கூற்றாக எழுதட்டும்: தான் முன்பே எச்சரித்ததாகவும் யாரும் பொருட்படுத்தவில்லை என்றும் அவர் கூறினார்.

இன்னொரு இடத்தில் மாணவர்கள் கவனிக்காமலேயே தவறு செய்வார்கள். முதல்வர் பேசியதைச் செந்தமிழில் எழுதிவிட்டு, அதே கட்டுரையில் துப்புரவுப் பணியாளர் பேசியதை மட்டும் "மண் வாசனைக்காக" கொச்சையாக எழுதுவார்கள். முதல்வரும் வீட்டில் "வாங்குனா" என்றுதான் பேசுவார். ஒருவரைப் பேச்சு வழக்கில் எழுதினால் எல்லோரையும் அப்படி எழுதுங்கள். இல்லாவிட்டால் யாரையும் வேண்டாம். "அவர்", "என்றார்" என்ற மரியாதையும் அப்படித்தான். காவலாளியானாலும், 13 வயது மாணவனானாலும் செய்தியில் "அவர்".

"இதைப் போட்டுவிடாதே" என்று சொன்னால்?

எப்போது சொன்னார் என்பதைப் பொறுத்தது. சொல்வதற்கு முன்பே கேட்டு, மாணவர் ஒப்புக்கொண்டிருந்தால் போடக் கூடாது. வாக்கு வாக்குதான். சொல்லி முடித்துவிட்டுப் பிறகு கேட்டால், தொழில்முறை நிருபர்கள் பொதுவாக அதை ஏற்றுக்கொள்ளக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. ஆனால் பள்ளியில் பேசுபவர் இன்னொரு மாணவராகவோ, பேட்டி கொடுத்துப் பழக்கமில்லாதவராகவோ இருப்பார். அங்கே நான் தாராளமாகவே இருக்கச் சொல்கிறேன். பொறுப்பில் இருக்கும் ஒருவர் தன் முடிவைப் பற்றிப் பேசிவிட்டுப் பின்வாங்கினால் அது வேறு. அப்போது ஆசிரியரிடம் வந்து கலந்து பேசட்டும்.

பெயர் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்க வேண்டும். காரணம் நியாயமாக இருந்தால் பெயரை விடலாம். பெயரோடு மட்டும் நிறுத்தினால் போதாது. "கைப்பந்து அணியின் இடக்கை மாணவி" என்று எழுதினால் பள்ளி முழுக்க யாரென்று தெரிந்துவிடும்.

செய்தியின் முதல் பத்தியை எப்படி எழுதச் சொல்வது?

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. இந்த ஆறையும் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், மாணவர்கள் ஆறையும் ஒரே வாக்கியத்தில் திணிக்கப் பார்ப்பார்கள். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் வாசகர் என்ன நடந்தது என்று தெரியாமலேயே முப்பது சொற்களைக் கடக்க வேண்டியிருக்கும். ஒரு மாணவர் கொண்டு வந்த முதல் வரி இது:

"மாணவர்களின் நலனைக் கருத்தில் கொண்டு, முதல்வர் அவர்களின் சீரிய முயற்சியால், நேற்று காலை 10 மணியளவில் கூட்ட அரங்கில் நடைபெற்ற ஆலோசனைக் கூட்டத்தில், நூலகம் குறித்துப் பல்வேறு முக்கிய முடிவுகள் எடுக்கப்பட்டன."

வாசித்துவிட்டு அவரிடம், "சரி, இதை உன் நண்பனிடம் வராந்தாவில் எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டேன். உடனே சொன்னார்: "டேய், லைப்ரரி இனிமே ஆறு மணி வரைக்கும் திறந்திருக்குமாம்." அதையே எழுதச் சொன்னேன்:

"பள்ளி நூலகம் திங்கட்கிழமை முதல் மாலை 6 மணி வரை திறந்திருக்கும். இதுவரை 4 மணிக்கே மூடப்பட்டு வந்தது."

என்ன மாறுகிறது, எதிலிருந்து மாறுகிறது, இரண்டும் வந்துவிட்டன. யார் முடிவெடுத்தார், ஏன், கூடுதல் நேரத்துக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் அடுத்தடுத்த வரிகளில் வரட்டும். கூட்டம் நடந்த அரங்கமும் நேரமும் வேண்டுமானால் கடைசியில். இப்படி முக்கியமானது மேலேயும் குறைந்தது கீழேயும் போகும் அமைப்பைத் தலைகீழ்ப் பிரமிடு என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் தந்தி அடிக்கடி அறுந்துபோனதால் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. ஆய்வாளர்கள் எல்லோரும் அதை ஏற்பதில்லை. அது நிலைத்ததற்கு வேறு எளிய காரணங்கள் உண்டு: பக்கத்தில் இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டலாம், பாதியில் நிறுத்தும் வாசகருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்திருக்கும்.

எல்லாச் செய்திக்கும் இந்த அமைப்பு வேண்டியதில்லை. நூலகரைப் பற்றிய கட்டுரை சைக்கிள் புத்தகத்தில்தான் தொடங்க வேண்டும். ஆனால் முதலில் நேரடியாகச் சொல்லப் பழகட்டும். இன்னொரு விஷயம், அந்த மாணவர் வராந்தாவில் சொன்னதில் கடைசியில் ஒரு "ஆம்" இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். அடுத்த பதில் அதைப் பற்றியதுதான்.

எந்தச் சொற்களைக் கண்டால் சிவப்பு மையால் வட்டமிட வேண்டும்?

முதலில் "ஆம்" விகுதி: திறந்திருக்குமாம், வந்தாராம், சொன்னாராம். அப்புறம் அதன் எழுத்து வடிவங்கள்: கூறப்படுகிறது, தெரிகிறது, சொல்லப்படுகிறது. யார் சொன்னது என்பதை இவை ஒளித்துவிடும். நான் வட்டமிட்டுப் பக்கத்தில் "யார்?" என்று மட்டும் எழுதுவேன். பதில் இருந்தால் பெயர் வரும். இல்லாவிட்டால் வாக்கியம் போகும்.

அடுத்து, கூறினார் என்பதற்குப் பதிலாகப் போடும் அலங்காரங்கள். "ஒப்புக்கொண்டார்" என்றால் அவர் ஏதோ தவறு செய்தது போல ஆகிவிடும். "சுட்டிக்காட்டினார்" என்றால் அவர் சொன்னது உண்மை என்று நாமே சான்று கொடுத்தது போல. "கூறினார்", "என்றார்" போதும், பத்து முறை வந்தாலும் வாசகருக்கு உறுத்தாது. சீரிய, மாபெரும், வரலாறு காணாத போன்றவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரு செய்திக்கு எத்தனை பேரிடம் பேச வேண்டும்?

குறைந்தது மூன்று. முடிவெடுத்தவர், அதனால் பாதிக்கப்படுபவர், விஷயம் தெரிந்த வேறொருவர். யாரைப் பற்றியாவது குறை சொன்னால் அவரிடம் கேட்காமல் அச்சுக்குப் போகக் கூடாது.

சரிபார்ப்பதை எப்படிப் பழக்கமாக்குவது?

பெயரை அவர்களையே நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். ன-ண, ர-ற, ல-ள-ழ இவற்றைக் காதை நம்பி எழுத முடியாது. எண்களை ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும். "பாதிப் பேர்" என்று எழுதியிருந்தால் மொத்தம் எத்தனை பேர் என்று கேளுங்கள். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, "இது எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு, நோட்டில் பக்க எண்ணைக் குறிக்க வேண்டும்.

அவசரத்தால் வரும் தவறுக்கு நான் காட்டும் படம் ஒன்று உண்டு. 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் முடிவு வருவதற்குள் சிகாகோ டெய்லி டிரிப்யூன் "டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்" என்று தலைப்புப் போட்டு அச்சடித்துவிட்டது. ஜெயித்தவர் ட்ரூமன். அந்தப் பத்திரிகையைக் கையில் உயர்த்திப் பிடித்து அவர் சிரிக்கும் படத்தைப் பார்த்த மாணவர்கள், "முடிவு தெரியவில்லை" என்று எழுதத் தயங்குவதில்லை.

எழுதியதைப் பேட்டி கொடுத்தவரிடம் முன்கூட்டியே காட்டலாமா?

முழுக் கட்டுரையையும் கொடுத்தால் அவர் பத்திரிகை ஆசிரியராக மாறிவிடுவார். அவர் சொன்ன தகவல்களையும் மேற்கோள்களையும் மட்டும் வாசித்துக் காட்டி, "இது சரியா?" என்று கேட்கலாம். தகவல் பிழையைத் திருத்தலாம். சொன்னதை அழகாக்கித் தரச் சொன்னால் வேண்டாம்.

துயரத்தில் இருப்பவரிடம் பேச வேண்டி வந்தால்?

தனியாக அனுப்பாதீர்கள். முதலில், இதை இப்போது எழுதத்தான் வேண்டுமா என்று சேர்ந்து யோசியுங்கள். எழுதுவதென்றால், "எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டாம். "அவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் போதும். இடையில் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட்டு, நோட்டை மூடிவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வரட்டும்.

நிர்வாகம் "இதைப் போட வேண்டாம்" என்றால்?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதிகம் பேசப்படும் வழக்கு அமெரிக்காவின் ஹேசல்வுட் வழக்கு. 1983-இல் ஒரு பள்ளி முதல்வர் மாணவர் பத்திரிகையின் இரண்டு பக்கங்களை நீக்கினார். அவற்றில் இருந்த ஒரு கட்டுரை மாணவியர் கர்ப்பம் பற்றியது, இன்னொன்று பெற்றோரின் மணமுறிவு பற்றியது. 1988-இல் உச்ச நீதிமன்றம் முதல்வர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் முதல்வர் சொன்ன காரணங்களை மாணவர்கள் படிக்க வேண்டும்: பெயரை மாற்றியிருந்தும் அந்த மாணவியரை அடையாளம் காண முடியும், குறை கூறப்பட்ட பெற்றோருக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தரவில்லை. இவை இரண்டும் நாமே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்.

மறுபக்கமும் உண்டு. 2017-இல் கான்சாஸ் மாநிலத்தின் பிட்ஸ்பர்க் உயர்நிலைப் பள்ளியில், புதிதாக நியமிக்கப்பட்ட முதல்வரின் கல்வித் தகுதியை மாணவப் பத்திரிகையாளர்கள் சரிபார்க்கப் போனார்கள். அவர் பட்டம் பெற்றதாகச் சொன்ன நிறுவனத்தைப் பற்றிச் சந்தேகங்கள் எழுந்தன. அவரையே பேட்டி எடுத்துக் கேள்விகளைக் கேட்டு, கிடைத்ததை வெளியிட்டார்கள். சில நாட்களில் அவர் பதவி விலகினார். அந்த மாணவர்கள் யாரையும் திட்டி ஒரு வரி எழுதியதால் நடந்ததல்ல அது. ஒரு தகவலைச் சரிபார்த்தார்கள்.

நடைமுறையில் நான் செய்வது: வருடத் தொடக்கத்திலேயே நிர்வாகத்தோடு உட்கார்ந்து, எதை யார் பார்ப்பார்கள், எந்தக் காரணத்துக்கு நிறுத்தலாம் என்று எழுத்தில் பேசி முடித்துவிடுவேன். செய்தி கையில் இருக்கும்போது பேசத் தொடங்கினால் காலதாமதம்தான் ஜெயிக்கும்.

ஏஐ செயலிகளைப் பயன்படுத்தலாமா? பேட்டியே எடுக்காமல் எழுதி வந்துவிட்டால்?

ஒலிப்பதிவை எழுத்தாக்க உதவி வாங்கலாம், பிறகு பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பேச்சுத் தமிழில் அது நிறையவே தவறும். மேற்கோளை உருவாக்கச் சொல்வது மட்டும் கூடவே கூடாது.

இட்டுக்கட்டுவது புதுப் பழக்கமும் இல்லை. 1980-இல் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஜேனட் குக், போதைக்கு அடிமையான 8 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். 1981-இல் அதற்கு, அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது. அப்படி ஒரு சிறுவனே இல்லை என்று தெரிந்ததும் பரிசு திருப்பித் தரப்பட்டது. செய்தி வந்ததும் நகர அதிகாரிகளும் காவல் துறையினரும் அந்தச் சிறுவனைத் தேடினார்கள் என்பதை மாணவர்களிடம் சொல்லுங்கள். இல்லாத ஒரு பிள்ளையைக் காப்பாற்ற அவ்வளவு பேர் அலைந்தார்கள்.

தவறு அச்சில் வந்துவிட்டால்?

அடுத்த இதழிலேயே, தெளிவாக, சாக்குச் சொல்லாமல் திருத்தம் போட வேண்டும். எது தவறு, எது சரி, இரண்டு வரி. எழுதிய மாணவரே நேரில் போய்ச் சொல்ல வேண்டும், நீங்கள் கூடப் போகலாம். ஒரு மாணவர் பணியாளர் ஒருவரைப் பற்றிய கட்டுரை முழுவதும் அவர் பெயரில் "ற" வர வேண்டிய இடத்தில் "ர" போட்டுவிட்டார். திருத்தம் வந்த இதழை எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் போனார். அந்தப் பணியாளர் முன்பே அந்தக் கட்டுரையை வெட்டித் தன் அலமாரிக் கதவில் ஒட்டி, பேனாவால் எழுத்தைத் திருத்தி வைத்திருந்தார். திருத்தத்தையும் வாங்கிப் பக்கத்திலேயே ஒட்டினார். அதற்குப் பிறகு அந்த மாணவர் யாரிடமும் பெயரை எழுதி வாங்காமல் வந்ததில்லை.

மதிப்பெண் எப்படிக் கொடுப்பது?

100-க்கு 40 குறிப்பு நோட்டுக்கு: எத்தனை பேரிடம் பேசினார், தொடர் கேள்வி கேட்டாரா, வலது பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா. 30 சரிபார்ப்புக்கு. 30 எழுத்துக்கு. நடை அழகாக இருக்கும் மாணவர்கள் முதலில் வருத்தப்படுவார்கள். எழுத்துப்பிழை நிறைய இருக்கும், ஆனால் நாலு பேரைத் தேடிப்போய்ப் பேசிவிட்டு வரும் மாணவர்களுக்கு இந்த வகுப்பில் முதல் முறையாக நல்ல மதிப்பெண் கிடைக்கும். நோட்டைத் தராமல் கட்டுரையை மட்டும் தந்தால் நான் வாங்குவதில்லை.